பழைய சினிமாப் போஸ்டர் விற்பவர்கள் பழுதை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் மிஞ்சியிருக்கும் பழைய படப் போஸ்டர்களும் பாட்டுப் புத்தகங்களும் தியேட்டர் நோட்டீஸ்களும் இப்போது ஃபேஸ்புக்கிலும் ஈபேயிலும் விலைக்கு வருகின்றன. இத்தனை இடப்பெயர்வுகளுக்கும் தப்பி ஒரு கடதாசி றங்குப்பெட்டிக்குள் கிடப்பதே பெரிய காரியம். ஆனால் அதை விற்கப் போடும் பதிவோ ‘பழைய எம்.ஜி.ஆர். போஸ்டர், விலைக்கு இன்பொக்ஸ் வரவும்’ என்ற ஒற்றை வரியோடும் மங்கலான ஒரு படத்தோடும் முடிந்துவிடுகிறது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சேகரிப்பாளர் அதைத் தாண்டிப் போய்விடுவார். இடைத்தரகர் ஒருவர் அடிமாட்டு விலைக்கு வாங்கி, தானே ஒழுங்காகப் பதிவெழுதி விற்பார். அந்த வித்தியாசம் வீட்டுக்காரரின் கைக்கே வரவேண்டும்.

முதல் வேலை, போஸ்டர் எந்தக் காலத்தில் அச்சானது என்று பார்ப்பது. படம் வந்த வருடத்தை அப்படியே போஸ்டருக்கும் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ‘கர்ணன்’ 1964 இல் வந்தது. டிஜிட்டலில் சீராக்கி 2012 இல் மறுபடியும் வெளியிட்டார்கள். பிந்தியதை முந்தியது என்று போட்டால், தெரியாமல் செய்திருந்தாலும் வாங்கியவர் ஏமாற்று என்றே எடுப்பார்.

கீழ் விளிம்பைப் பாருங்கள். இந்தியாவில் அச்சாகும் தாளில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கவேண்டும் என்று, 2024 வரை நடைமுறையிலிருந்த 1867 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதனால் சிவகாசி, சென்னை அச்சகப் பெயர்கள் பொடி எழுத்தில் அங்கே கிடைக்கும். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஓகஸ்ட் மாதத்துக்குப் பிந்தியது. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்றில்லாமல் சென்னை என்றிருந்தால் பெரும்பாலும் 1996 க்குப் பிந்தியது. தணிக்கைச் சான்று ‘யூ/ஏ’ என்றிருந்தால் 1983 க்கு முந்தியதாக இருக்க முடியாது. கொம்பு வைத்த பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இங்கே இலங்கையில் அச்சானவற்றுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) போன்ற நம் நாட்டுப் படங்களின் போஸ்டர் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து அவசரப்பட்டு விற்கவேண்டாம். நல்ல பதிவு எழுதும்வரை பொறுங்கள்.

அடுத்தது அசலா, மறு அச்சா என்பது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் புள்ளி தெரிந்தால் போலி என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல, ஓஃப்செற்றில் அச்சான அசலிலும் புள்ளி இருக்கும். பொடி எழுத்தின் ஓரம் மங்கிப் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கிறதா, மடிப்பும் கிழிசலும் கடதாசியில் இல்லாமல் படத்திலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இன்னொரு போஸ்டரைப் படமெடுத்து அடித்தது. விரலால் தடவினாலே மடிப்பு எது, மடிப்பின் படம் எது என்று தெரிந்துவிடும். மறு அச்சை விற்பதில் குற்றமில்லை. அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

ஈபேயில் தலைப்புக்கு 80 இடம்தான். தமிழில் எழுதினால் கொம்பும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும்: ஆறெழுத்து ‘வாடைக்காற்று’ 12 இடம் எடுக்கிறது. ஆகவே தலைப்பை ஆங்கில எழுத்தில் போடுங்கள். படத்தின் பெயர், வருடம், முக்கிய நடிகர், அசல் போஸ்டர், அளவு என்ற ஒழுங்கில் வரட்டும். ‘அபூர்வம்’, ‘அருமை’ போன்றவற்றை யாரும் தேடுவதில்லை. அவை இடத்தைத்தான் தின்னும். ‘ற்று’ என்பதை ஒருவர் ‘டிஆர்’ என்றும் இன்னொருவர் ‘டிடி’ என்றும் எழுதித் தேடுவார். மற்றைய எழுத்துக்கூட்டலையும் தமிழ்ப் பெயரையும் விபரப் பகுதியில் சேருங்கள்.

அளவை நாடா வைத்து அளந்து, கால் அங்குலம்வரை சரியாக எழுதுங்கள். இந்தியப் போஸ்டர் பொதுவாக 30க்கு 40 அங்குலம் என்பதால் பலர் அளக்காமலே அதைப் போடுகிறார்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்காக ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அந்த ஒரு அங்குலமே விலையைக் குறைத்துவிடும். பொதி கைக்குப் போனதும் வாங்கியவர் அளப்பார்.

பழுதை எழுதும் இடத்தில்தான் பதிவு நிற்கிறது அல்லது விழுகிறது. ‘பழசுக்கேற்ற நிலை’ என்றால் ஒன்றுமே சொல்லவில்லை. இப்படி எழுதலாம்: “மூன்று மடிப்பு. நடு மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் மிளகளவு ஓட்டை. மேல் விளிம்பில் இடப்பக்க மூலையிலிருந்து 7 அங்குலத்தில் 2 அங்குலக் கிழிசல், எழுத்தைத் தொடவில்லை. கீழ் வலப்பக்கம் குண்டூசிக் கறள். பின்பக்கம் பழைய செலோரேப், அதன் மஞ்சள் கறை முன்பக்கம் தெரிகிறது. நிறம் தீட்டவில்லை, ஒட்டுப் போடவில்லை.” இதை வாசிப்பவருக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. கறையான் அரித்தது வேறு, வெள்ளிப்பூச்சி மேற்பரப்பைச் சுரண்டியது வேறு. முன்னதில் கடதாசியே இல்லை, பின்னதில் மைதான் போயிருக்கும். எது என்று பிரித்து எழுதுங்கள். விற்கமுன் வடிவாக்குகிறோம் என்று செலோரேப்பை உரிப்பதும், பேனையால் நிறம் தீட்டுவதும், லமினேற் பண்ணுவதும் வேண்டவே வேண்டாம். செலோரேப்போடு மையும் வந்துவிடும். லமினேற்றைத் திருப்பி எடுக்க வழியில்லை.

படம் எடுக்கக் காலை எட்டு, ஒன்பது மணிக்கு விறாந்தை நிழல் போதும். வெயிலும் ஃபிளாஷும் படக்கூடாது. வெள்ளைத் துணி விரித்து, மூலைகளில் துணி சுற்றிய சிறு பாரம் வைத்து, ஸ்டூலில் ஏறி நேர் மேலிருந்து எடுங்கள். சரிவாக எடுத்தால் ஓரம் வெட்டியதுபோலத் தெரியும். முழுப் படம், நான்கு மூலைகள், மடிப்புச் சந்திகள், அச்சக வரி, எழுதிய ஒவ்வொரு பழுதும் அளவு நாடாவோடு. பின்பக்கத்தைக் கட்டாயம் போடுங்கள். ஒட்டும் ஈரக்கறையும் அங்கேதான் தெரியும். ஃபில்டர் போட்டு நிறத்தைக் கூட்டாதீர்கள்.

விலையை வெளிப்படையாக எழுதுங்கள். மற்றவர்கள் கேட்கும் விலையை விட்டு, ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டி, உண்மையில் கொடுத்த விலையைப் பாருங்கள்.

எப்படி அனுப்புவீர்கள் என்பதையும் பதிவிலேயே சொல்லுங்கள். மடித்தே வந்த போஸ்டரை மடித்தபடி இரண்டு காட்போட் மட்டைக்கு நடுவில் அனுப்பலாம். சுருட்டியதற்கு ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் 90 மி.மீ. மெல்லிய பீவீசீ கழிவுநீர்க் குழாயை 32 அங்குலத்தில் வெட்டி, இரு பக்கமும் மூடி போடுங்கள். வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பும் சிறு பொதியில் குழாயின் நீளம் 900 மி.மீ. ஐயும், நீளத்தோடு விட்டத்தின் இரு மடங்கைக் கூட்டினால் 1040 மி.மீ. ஐயும், நிறை 2 கிலோவையும் தாண்டக்கூடாது. இந்த வெட்டு அதற்குள் அடங்கும். கார்த்திகை, மார்கழி மழை நாளில் பொதி கட்டாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் போய்ச் சேருமுன் பூஞ்சணமாகிவிடும். இரண்டு வெயில் நாள் பார்த்து, நிழலில் காற்றாட விட்டுக் கட்டுங்கள். அதனால் அனுப்பப் பிந்தும் என்றால் பதிவில் ஒரு வரி எழுதினால் சேகரிப்பாளர் காத்திருப்பார்.

இப்படிக்கு,
பழைய சினிமா அச்சுத் தாள்கள் சேகரிப்போர் சிலர்,
கிளிநொச்சி.