பழுதுபார்க்கும் கடை திறக்கவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். சொந்தமாக எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை தொடங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். இத்தகைய கடைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறவன் என்ற முறையில், வாடிக்கையாளர் என்ன எதிர்பார்ப்பார் என்று என்னைக் கேட்டிருந்தீர்கள். தொழிலை நன்றாகக் கற்றவர் நீங்கள்; அதைப் பற்றி நான் சொல்லித் தர எதுவும் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். உங்களைப் போலவே இத்தொழிலில் இறங்கும் பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இதைப் பொதுவிலேயே வைக்கிறேன்.

நீங்கள் செய்யும் வேலையை வாடிக்கையாளரால் பார்க்க முடியாது. என் கடிதம் முழுவதும் இந்த ஒன்றைத்தான் சுற்றி வரும். தையற்காரரிடம் கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்தால் தையலின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். மூடித் திருகு முடுக்கிய டிவிக்குள்ளோ கைபேசிக்குள்ளோ நடந்தது என்ன என்பதை அறிய அவருக்கு வழியே இல்லை. ஆகவே தன் கண்ணுக்குத் தெரிகிறவற்றை, அதாவது நீங்கள் சொன்ன சொல்லையும் எழுதிக் கொடுத்த தாளையும் குறித்த நாளில் பொருள் கிடைத்ததா என்பதையும் வைத்தே அவர் உங்களை எடைபோடுவார். திறமையான டெக்னீஷியன்கள் பலர் கெட்ட பெயர் வாங்குவதும், அரைகுறையாகக் கற்றவர்கள் சிலர் நல்ல பெயரோடு கடை நடத்துவதும் இதனால்தான் என்பது என் துணிபு.

பவர் சப்ளை போர்டில் உப்பிப்போன கெப்பாசிட்டரை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகத்தை, மாற்றும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்டதும் உண்டு, 85 டிகிரியில் அதே 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டதும் உண்டு. வெப்பம் பத்து டிகிரி குறையும்தோறும் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. பெட்டிக்குள் 65 டிகிரி நிலவினால் முதலாவது சுமார் 32,000 மணி நேரமும் இரண்டாவது சுமார் 8,000 மணி நேரமும் தாங்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடும் கருவியில் இது பத்து ஆண்டுகளைத் தாண்டுவதற்கும் மூன்று ஆண்டுகளைக்கூட எட்டாமல் நின்றுபோவதற்கும் உள்ள வேறுபாடு. இரண்டுமே வீட்டுக்குக் கொண்டுபோன அன்று ஒரே மாதிரிதான் வேலை செய்யும். நீங்கள் நல்லதைப் போட்டீர்கள் என்று பில்லில் ஒரு வரி எழுதாவிட்டால், பக்கத்துக் கடையில் குறைவாகக் கேட்டார்களே என்ற எண்ணம் மட்டுமே அவர் மனத்தில் தங்கும். எந்தப் பாகம், எந்தத் தரம், எதற்காக மாற்றப்பட்டது என்று எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே ஒரு சிறு உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். உப்பியிருக்கும் அந்தத் தலையைக் கண்ணால் பார்த்தவர் விலையைப் பற்றி வாதாடுவது அரிது. பழைய லித்தியம் பேட்டரியை மட்டும் அப்படிக் கொடுக்க வேண்டாம், அதுவும் வீங்கியிருந்தால் கொடுக்கவே கூடாது. காட்டிவிட்டு, முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்று வரும் எல்இடி டிவிகளில் நடக்கும் மனக்கசப்பு இன்னொரு வகை. திரையில் டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரியும்; பின்விளக்குப் பட்டையில் ஒரு எல்இடி போயிருக்கும், தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் அந்த வரிசை முழுவதும் இருண்டிருக்கும். போன ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுப்பது நேர்மையான வேலைதான், செலவும் குறைவு. ஆனால் மற்ற எல்இடிகளும் அதே அளவு எரிந்து களைத்தவை. சில வாரங்களில் அடுத்தது போகலாம். அப்போது உங்களுக்கு அது வேறு எல்இடி, அவருக்கோ அதே பழுது. "சரியாகப் பார்க்காமல் பணம் வாங்கிவிட்டார்" என்று அவர் நாலு பேரிடம் சொன்னால் அவரைக் குறை கூற முடியாது. ஒன்றை மட்டும் மாற்றினால் இவ்வளவு, பட்டைகள் அனைத்தையும் மாற்றினால் இவ்வளவு, முதலாவதில் இன்ன அபாயம் உண்டு என்று திறக்கும்போதே சொல்லி, முடிவை அவரிடம் விட்டு, அவர் தேர்ந்தெடுத்ததை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடப் பேச்சு இது. இதைத் தவிர்த்த கடைகளில்தான் உரத்த குரலை நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

"கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, இவர்தான் கெடுத்துவிட்டார்" என்ற குற்றச்சாட்டு உங்களுக்கும் நிச்சயம் வரும். டிஸ்பிளே மாற்றிய கைபேசியில் மைக் வேலை செய்யவில்லை என்பார்கள். சில நேரங்களில் அது உண்மையாகவே உங்கள் கைப்பிழையாக இருக்கும்; மெல்லிய ரிப்பன் கேபிள்கள் எவ்வளவு எளிதில் கிழியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பல நேரங்களில் முன்பே இருந்த குறையை இப்போதுதான் கவனித்திருப்பார்கள். இதைத் தீர்த்து வைக்க ஒரே வழி, பொருளை வாங்கும்போதே வாடிக்கையாளரின் முன்னால் கேமரா, ஸ்பீக்கர், மைக், சார்ஜிங், பட்டன்கள், உடலில் உள்ள கீறல்கள் ஆகியவற்றைப் பார்த்து எழுதி இருவரும் கையெழுத்திடுவது. இயங்காமல் வந்த பொருளில் எதையும் சோதிக்க முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் இது எரிச்சலூட்டும் வேலையாகத் தோன்றும். அன்றுதான் இது மிகவும் தேவைப்படும்.

கடைக்கு வந்ததும் ஒழுங்காக ஓடும் கருவிகளைப் பற்றியும் கொஞ்சம் பொறுமையோடு இருங்கள். வீட்டில் அடிக்கடி அணைகிறது என்று சொல்லிக் கொண்டுவந்தவர், உங்கள் மேசையில் அது அழகாக இயங்குவதைப் பார்த்துக் கூசிப்போவார். அந்த நேரத்தில் "இதில் ஒன்றுமில்லையே" என்று சிரித்துத் திருப்பி அனுப்பியவரை அவர் மறக்கவே மாட்டார். டிரை சால்டர், அதாவது சரியாகப் பற்றாத பற்றவைப்பு, சூடேறி விரியும்போதுதான் தொடர்பு விட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் ஓடிய பிறகு அணைகிறது, எந்த இடத்தில் வைத்திருக்கிறார், உடனே மீண்டும் போட்டால் வருகிறதா என்று கேளுங்கள். அவர் சொன்னதை உங்கள் தொழில்மொழிக்கு மாற்றாமல் அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மனமுவந்து விட்டுச் செல்வார்.

இனி நான் சொல்லப்போவதில் எனக்குச் சற்றுக் கோபமும் உண்டு. பாஸ்வேர்டை ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கும் வழக்கத்தை உங்கள் கடைக்குள் வரவிடாதீர்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுதுபார்க்கும் கடைகளில் மடிக்கணினிகளைக் கொடுத்துவிட்டு, அவற்றில் பதிவான தடங்களை ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில கடைகளில் உரிமையாளரின் சொந்தப் படங்களையும் கோப்புகளையும் திறந்து பார்த்திருந்தார்கள், நகலெடுத்தவர்களும் இருந்தார்கள். பேட்டரி மாற்றக் கொடுத்த கருவிக்கும் பாஸ்வேர்டு கேட்கப்பட்டிருந்தது. டிஸ்பிளே மாற்றவோ சார்ஜிங் போர்ட் மாற்றவோ அது எதற்கு? திறந்து சோதிக்க வேண்டியிருந்தால் உங்கள் எதிரில் வாடிக்கையாளரே பாஸ்வேர்டு போட்டுத் திறக்கட்டும். சாம்சங் 2022-இலும் கூகுள் பிக்ஸல் 2023-இலும் பழுதுபார்ப்பதற்கென்றே தனி முறையைக் கைபேசிகளில் கொண்டுவந்திருக்கின்றன. அதை இயக்கினால் சொந்தத் தகவல்கள் மறைந்திருக்க, பாகங்களை மட்டும் சோதிக்கலாம். அதை எப்படி இயக்குவது என்று வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொடுங்கள். பெண்கள் பலர் பழுதான கைபேசியை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பதற்குக் காரணம் செலவு மட்டும் அல்ல, இந்த அச்சமும்தான் என்று எனக்குத் தெரிந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கேட்காமல் ஃபேக்டரி ரீசெட் செய்து உள்ளிருப்பதையெல்லாம் அழிப்பதும் இதற்கு இணையான குற்றம். கைபேசிக்கு மாற்று வாங்கலாம். மறைந்துபோனவரின் குரல் அதில் பதிவாகியிருந்தால் அதற்கு மாற்று எங்கே கிடைக்கும்?

ஒரிஜினல், டூப்ளிகேட் விவகாரத்தில் ஒளிவுமறைவு வேண்டாம் என்பதற்கு மேல் நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இப்போது பல கைபேசிகளில் பாகங்கள் மென்பொருளின் வழியாக மதர்போர்டோடு பிணைக்கப்பட்டுள்ளன. பழுதற்ற பாகத்தையே போட்டாலும் அறியாத பாகம் என்ற எச்சரிக்கை திரையில் வரலாம், கைரேகை சென்சார் வேலை செய்யாமல் போகலாம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றித் தடுக்க வேண்டிய அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. அந்த எச்சரிக்கையை வீட்டில் முதல்முறை காண்பவர் நீங்கள் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். பிரித்து ஒட்டிய கைபேசியின் நீர்காப்பு பழையபடி இருக்கும் என்று உறுதி கூற முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பழுதைக் கண்டுபிடிக்கும் கட்டணத்தை, பொருளை வாங்கும்போதே அறிவியுங்கள். அரை நாள் தேடி ஐந்து நிமிடத்தில் மாற்றும் வேலை இது. தேடியதற்கான கூலி நியாயமானது. முன்னறிவிப்பின்றிக் கேட்டால்தான் அது அநியாயமாகத் தெரிகிறது. திறந்த பிறகு செலவு கூடுமானால், கைவைப்பதற்கு முன் அழைத்துச் சம்மதம் கேளுங்கள். நாள் தள்ளிப்போனால் அவர் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் கூப்பிடுங்கள். ஸ்பேர் வரவில்லை என்ற உண்மையை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். "நாளைக்கு வாங்க" என்பதை மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பொறுமை போகிறது. இணையத்தில் கடைகளைப் பற்றி எழுதப்படும் மனக்குறைகளைப் படித்துப் பாருங்கள், சால்டரிங் சரியில்லை என்று எழுதியவர் அநேகமாக இருக்க மாட்டார். அழைத்தால் எடுப்பதில்லை, சொன்ன தொகை வேறு வாங்கிய தொகை வேறு என்றுதான் எழுதியிருப்பார்கள்.

சரிசெய்ய முடியாமல் போகும் பொருள்களும் இருக்கும். அவற்றை எல்லாத் திருகுகளோடும் முழுமையாக மூடி, என்ன பார்த்தீர்கள், எங்கே நின்றுபோனது என்று எழுதிக் கொடுங்கள். அதை வைத்து அடுத்த டெக்னீஷியன் மேலும் முயலலாம். செலவு செய்யத் தகுதியற்றது என்று நீங்கள் நினைத்தால் அதையும் சொல்லுங்கள். இதைப் புதிதாக வாங்குவதே மேல் என்று சொல்லி வருமானத்தை விட்டுக்கொடுத்த ஒருவரிடம்தான் இன்றுவரை என் வீட்டுப் பொருள்களையெல்லாம் கொண்டு செல்கிறேன். 2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைச் சேர்த்ததாக ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை கூறுகிறது. அதில் கால் பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகவில்லை. அந்தக் குவியலுக்குப் போகவிருப்பதை மீட்டு வீட்டுக்கு அனுப்பும் தொழில் உங்களுடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ரசீது, பொருள் வாங்கும் படிவம், உத்தரவாதச் சீட்டு ஆகிய மூன்றையும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பி வையுங்கள். வாங்கிப் போகிறவரின் கண்ணோடு படித்து, புரியாத இடங்களைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்