பாண்டி பஜார் நடைபாதையை மறுபடியும் பார்க்கிங் ஆக்கிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சென்னை தி.நகர் பாண்டி பஜார் பத்தி கொஞ்ச நாளா ஒரு பேச்சு காதுல விழுந்துட்டே இருக்கு. நடைபாதை இவ்ளோ அகலம் எதுக்கு, பாதிய எடுத்துட்டு பழையபடி கார் நிறுத்த விட்டா கடைக்கு ஆள் வருவாங்கல்லன்னு பஸ்ல கேட்டேன், கடைவாசல்ல கேட்டேன், எங்க சொந்தக்காரங்க வீட்லயும் கேட்டேன். அத கேட்டு மனசு பொறுக்காமதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனாலும் போடுங்க.

2019 நவம்பர்ல ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல அந்த நடைபாதை வளாகத்தைத் திறந்தாங்க, கிட்டத்தட்ட 40 கோடி ரூபாய் செலவு. நிறைய பேர் மறந்துட்ட விஷயம் என்னன்னா, அங்க வண்டிய முழுசா நிறுத்திடல. பாண்டி பஜார் இருக்குற தியாகராயா ரோட்ல இப்பவும் பஸ் போகுது, ஆட்டோ போகுது. ரோட்டைக் குறுக்கி ரெண்டு பக்கமும் நடக்குற இடத்தைப் பெருசாக்கினாங்க, உக்கார பெஞ்ச் போட்டாங்க, அவ்ளோதான். அதுவும் திடீர்னு செய்யல, முன்னாடியே தடுப்பு வச்சு சில நாள் சோதனை பண்ணிப் பாத்துட்டுதான் கட்டினாங்க. ஒரு மாநகராட்சி ஜனங்களை நடக்கவிட்டு பாத்துட்டு அப்புறம் சிமெண்ட் போட்டது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துது, எல்லா வேலையும் அப்படித்தான் நடக்கணும்.

எங்க அம்மாவுக்கு முட்டி வலி, தொடர்ந்து பத்து நிமிஷம் நடக்க முடியாது. பல வருஷம் துணிக்கடைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டே இருந்தாங்க, நாங்களே ஏதாவது வாங்கிட்டு வந்து காட்டுவோம், பிடிக்கலன்னா மறுபடி மாத்தப் போவோம். பெஞ்ச் வந்தப்புறம் ஒரு கடை பாத்து, உக்காந்து, இன்னொரு கடை பாத்துன்னு சாயங்காலம் முழுக்க அங்கேயே இருந்தாங்க. அன்னிக்கு அவங்க முகத்துல இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். வண்டி நிறுத்த இடம் இருந்தா வியாபாரம் நடக்கும்னு சொல்றவங்க இந்த மாதிரி ஆளுங்களையும் கணக்குல சேர்க்கணும். ஒரு கார் நிக்க கிட்டத்தட்ட அஞ்சு மீட்டர் நீளம், ரெண்டரை மீட்டர் அகலம் வேணும். அதுல வந்தவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோ, வண்டி ரெண்டு மணி நேரம் அங்கேயே கிடக்கும். அதே இடத்துல அந்த ரெண்டு மணி நேரத்துல எத்தனை பேர் கடையை எட்டிப் பாத்துட்டு நடந்து போவாங்கன்னு கடைக்காரங்களே ஒரு நாள் வாசல்ல நின்னு எண்ணிப் பாக்கட்டும்.

டிராஃபிக் ஜாம் ஆகுதுன்னு சொல்றாங்க. ரோடு எங்க ரொம்ப குறுகலா இருக்கோ அந்த இடத்துல எத்தனை வண்டி போக முடியுமோ அத்தனைதான் மொத்த ரோட்லயும் போகும், நடுவுல கொஞ்ச தூரம் அகலமா இருந்து ஒரு புண்ணியமும் இல்ல. அகலமா விட்ட இடத்துல ஓரமா ரெண்டு கார் நின்னுட்டா அதுவும் குறுகல்தான். ஓரத்துல இடம் தேடி மெதுவா ஊர்ந்துட்டே வர்ற வண்டியும், ரிவர்ஸ் எடுக்குற வண்டியும்தான் பின்னாடி வர்ற பஸ்ஸை நிறுத்தி வைக்குது. தணிகாசலம் ரோட்ல அடுக்குமாடி பார்க்கிங் கட்டியிருக்காங்க, 200க்கு மேல காரும் 500க்கு மேல டூவீலரும் நிறுத்தலாம். ஆனா தெருவோரம் சும்மாவோ கம்மி காசுக்கோ விட்டா யாரு அவ்ளோ தூரம் சுத்திப் போய் மாடியில ஏத்துவாங்க? தெருவோர பார்க்கிங் கட்டணம் எப்பவுமே கட்டிடத்துல இருக்கறதைவிட அதிகமா இருக்கணும், இதை மாநகராட்சி தைரியமா செய்யணும். சாமான் இறக்குற வண்டிக்கும் ராத்திரியோ விடிகாலையோ நேரம் ஒதுக்கி அதைக் கறாரா நடத்தினா பகல்ல பாதி தொல்லை குறையும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது நடைபாதை வியாபாரிங்க பத்தி. ஒரு கடைத்தெருவை அழகுபடுத்தணும்னா உடனே எல்லாரும் முதல்ல கை வைக்கிறது இவங்க மேலதான். 2013ல கோர்ட்ல பல வருஷம் நடந்த வழக்குக்கு அப்புறம் பாண்டி பஜார்ல இருந்த 600க்கும் மேற்பட்ட வியாபாரிகளை மாநகராட்சி அங்கேயே ஒரு வளாகம் கட்டி உள்ள மாத்துச்சு. இடம் குடுத்தாங்க, அதை நான் குறை சொல்லல. ஆனா வளையல், கிளிப், கர்சீஃப் எல்லாம் போற வழியில கண்ணுல பட்டா வாங்குற சாமான், அதுக்குன்னு யாரும் மாடி ஏறிப் போக மாட்டாங்க. அவங்க காலி பண்ணின நடைபாதையும் நடக்குறவங்களுக்கு முழுசா கிடைக்கல, பெரும்பாலும் வண்டிங்கதான் வந்து நின்னுச்சு. அந்த நிலைமைய மாத்தத்தான் 2019 வரைக்கும் காத்திருக்க வேண்டியதா போச்சு.

அந்த மாத்தலுக்கு அடுத்த வருஷமே, 2014ல, மத்திய அரசு தெரு வியாபாரிகள் சட்டம் கொண்டு வந்துச்சு. முதல்ல கணக்கெடுக்கணும், கணக்கெடுத்து முடிக்காம யாரையும் கிளப்பக் கூடாது, நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு வைக்கணும், அதுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிங்க பிரதிநிதிங்க இருக்கணும், அந்த பிரதிநிதிங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள்னு தெளிவா இருக்கு. இடம் மாத்தணும்னாலும் 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும். டிசைன் வரையும்போதே இந்தக் குழுவை உக்கார வச்சுப் பேசினா நடக்குற பாதை இவ்ளோ, கடை போடுற பட்டை இவ்ளோ, மரம், பெஞ்ச், லைட்டுக்கு இவ்ளோன்னு கோடு போட்டே பிரிச்சுடலாம். ராத்திரி பெரிய கடை ஷட்டர் இறக்கினப்புறமும் ஒரு பூக்கார அம்மாவும் ஒரு பழவண்டியும் இருந்தா தனியா நடந்து வர்ற பொண்ணுங்களுக்கு எவ்ளோ தைரியமா இருக்கும்னு பொண்ணுங்களைக் கேட்டாத்தான் தெரியும். அது எந்த எஸ்டிமேட்லயும் எழுதியிருக்காது.

நடைபாதை அளவுக்குன்னு, ரோடு எப்படி போடணும்னு தரம் வகுக்குற இந்தியச் சாலைகள் காங்கிரஸ்ங்கற அமைப்பு விதி போட்டு வச்சிருக்கு. தடங்கல் இல்லாம நடக்க குறைஞ்சது 1.8 மீட்டர், ரெண்டு வீல்சேர் எதிரெதிரா வந்தாலும் ஒதுங்காம போற அளவு, கடைத்தெருன்னா அதைவிட அதிகம், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. எங்க பக்கம் ஒரு தெருவுல முழங்கால் உயரத்துக்கு நடைபாதை கட்டி, ஒவ்வொரு கேட் முன்னாடியும் இறக்கி இறக்கி ஏத்தியிருக்காங்க. வயசானவங்க எல்லாரும் ரோட்லயேதான் நடக்குறாங்க. நடைபாதை மேல பைக்கை ஏத்தி நிறுத்தியிருந்த ஒருத்தர்கிட்ட கேட்டேன், யாருமே நடக்கலயே சார்ங்கறார். நீங்க நிறுத்தினதாலதான் சார் நடக்கலன்னு சொன்னேன், எடுத்துட்டார், ஆனா மறுநாளும் அதே இடத்துலதான் வண்டி நின்னுச்சு. தினமும் அந்தத் தெருவுக்குன்னு ஒரு பொறுப்பான ஆள் இருந்தாத்தான் இது மாறும். உடைஞ்ச கல்லு, எரியாத லைட்டு, ஏறி நிக்கிற பைக் எல்லாம் பாத்து அன்னிக்கே சரி பண்ற அதிகாரம் அவருக்கு இருக்கணும். திறப்பு விழாவுக்கு ஒதுக்குற காசுல கொஞ்சம் இந்தச் சம்பளத்துக்கு எடுத்து வைங்க. அதேபோல கேபிள், குடிநீர், மழைநீர் வடிகால் எல்லாத்தையும் ஒரே தடவை தோண்டி முடிச்சுட்டு அப்புறம் கல்லு பதிங்க.

2023 மே மாசம் மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தாங்க. லக்கேஜோட ரயில்ல இருந்து பஸ்ஸுக்கு போறவங்களுக்கு அது பெரிய உதவி, நானே போயிருக்கேன். ஆனா மேல பாலம் இருக்கே, கீழ எதுக்கு நடைபாதைன்னு யாராவது ஆரம்பிச்சா அதை ஒத்துக்கவே கூடாது, கடைக்கு வர்றவங்க நடக்குறது கீழதான்.

கலங்கரை விளக்கத்துல இருந்து பூந்தமல்லி போற மெட்ரோ பாதையில பனகல் பார்க்லயும் ஒரு ஸ்டேஷன் வருது. அது திறந்த அன்னிக்கு ஆயிரக்கணக்குல ஜனங்க படி ஏறி வெளிய வருவாங்க, கையில வண்டி இருக்காது, எல்லாரும் நடந்துதான் போகணும். உஸ்மான் ரோடு, வெங்கட்நாராயணா ரோடு, ஜி.என். செட்டி ரோடு, நடுவுல இருக்குற சின்னச் சின்ன தெரு இதெல்லாம் அந்தக் கூட்டத்தைத் தாங்குமா? சென்னை மாநகராட்சி 2014லயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை போட்டு, போக்குவரத்து பட்ஜெட்ல 60 சதவீதம் நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு எழுதி வச்சிருக்கு. அந்தக் காசை இந்தத் தெருக்களுக்கு எடுங்க. ஸ்டேஷன் திறக்கறதுக்கு முன்னாடியே, வியாபாரிங்களையும் கடைக்காரங்களையும் வீல்சேர்ல வர்றவங்களையும் ஒரே மேஜையில உக்கார வச்சு, பாண்டி பஜார்ல பண்ணின மாதிரி தடுப்பு வச்சு சோதனை பண்ணிப் பாத்து ஆரம்பிங்க. எந்த வார்டு கூட்டத்துக்கு கூப்பிட்டாலும் அம்மாவையும் கூட்டிட்டு வந்து பேச நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்