ஒரு கிலோமீட்டர் கோடு

ஐயா,
கல்வி உரிமைச் சட்ட மாணவர் சேர்க்கை பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2009ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஏழை, நலிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் ஒதுக்கியது, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரத்தான். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்ற தமிழகத்தின் தூர விதி அதற்கே குறுக்கே நிற்கிறது. சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றிய குடிசைவாசிகளை நகரின் ஓரத்தில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் மொத்தமாகக் குடிவைத்துவிட்டு, பக்கத்துப் பள்ளியிலேயே சேர் என்றால் கலந்து படிப்பது யாரோடு?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பேத்திக்கு, தூரம் 1.3 கிலோமீட்டர் என்று இடம் மறுத்தார்கள். அதே பள்ளியின் வேன், கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளை ஏற்ற எட்டு கிலோமீட்டர் போகிறது! அருகில் இருப்பவர்களுக்கே முன்னுரிமை, சரி. மீதி இடங்களுக்காவது எல்லையை மூன்று கிலோமீட்டராக்கி, வேன் கட்டணத்தை அரசு ஏற்கலாம்.

- ஒரு வாசகர், சென்னை