கோமதிக்கு: எந்த ஜன்னலை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

தஞ்சாவூர்,
தை மாதம்.

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும், கூடவே வைத்திருந்த விலைப்பட்டியலும் கிடைத்தன. மீனா பங்குனியில் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பர் படிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

இனி ஜன்னல் விஷயம். பதினொரு ஜன்னலையும் பெயர்த்துவிட்டு யூபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல், போட வேண்டும் என்று அந்தக் கம்பெனிக்காரர் எழுதிக் கொடுத்திருப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மாற்ற வேண்டியது இரண்டு. மற்றவை ஆசாரியும் கொத்தனாரும் சேர்ந்து சரிசெய்யக் கூடியவை. ஆனால் எந்த இரண்டு என்பதை நீயே வீட்டில் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மழை ஓய்ந்த இந்த மாதம் அதற்குத் தோதான காலம். ஈரம் ஏறிய இடமெல்லாம் இன்னும் கறை கறையாகத் தெரியும்.

கதவு ஆடுகிறது, கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, கொண்டி விழவில்லை என்பதெல்லாம் ஜன்னலை மாற்றக் காரணமில்லை. அவை கழற்றி மாட்டக் கூடிய சாமான்கள். சுவரில் பதித்திருக்கிற சட்டம், அதாவது நிலை, எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. நிலையில் முதலில் போவது கீழ்ச்சட்டமும், இரண்டு பக்க நிலைக்கால்கள் அதில் வந்து சேரும் மூலைகளும். பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, வெளிப்பக்கமாக நின்று, அந்த மூலைகளிலும், கம்பி இறங்குகிற ஒவ்வொரு துளையை ஒட்டியும் அழுத்திப் பார். நல்ல மரமாக இருந்தால் முனை வழுக்கும், பெயின்ட்டில் கீறல் மட்டும் விழும். அரை அங்குலம் உள்ளே போனால் அந்த இடம் மக்கிவிட்டது. பெயின்ட்டை நம்பாதே. பொங்கலுக்கு முன் ஈர மரத்தின் மேலேயே எனாமல் அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும், மேலே பளபளவென்றுதான் இருக்கும்.

கம்பித் துளையைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1987-ல் கட்டிய உன் வீட்டில் இரும்புக் கம்பிகளை நேராக நிலையிலேயே இறக்கியிருக்கிறார்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கீழ்ச்சட்டம் கம்பி வரிசையில் நீளவாக்கில் வெடிக்கிறது. வெடிப்பில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. நாகப்பட்டினத்தில் வாடைக்காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழை வடக்கும் கிழக்கும் பார்த்த ஜன்னல்களைத்தான் சாய்வாக அடிக்கும். வடக்கு அறை ஜன்னல்தான் மோசம் என்று நீ எழுதியிருப்பதும் அதனால்தான். அதே வயதுள்ள மேற்குக் கூடத்து ஜன்னல்கள் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மக்கின இடம் கீழ்ச்சட்டத்தோடு நின்று, நிலைக்கால்களில் ஒரு சாணுக்கு மேல் ஏறாமல் இருந்தால் மாற்றாதே. கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, சாய்வு வெட்டில் புதுத் தேக்குத் துண்டை ஒட்டுப் போடலாம். நல்ல ஆசாரிக்கு ஒரு நாள் வேலை. கெட்டது தெரிகிற இடத்தோடு அறுக்கக் கூடாது, நல்ல மரத்துக்குள் இரண்டங்குலம் தள்ளி அறுக்க வேண்டும். புதுத் துண்டில் வெள்ளை மரம், அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிறப் பகுதி, இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, வைரம் பாய்ந்த பகுதி மட்டும்தான் வேண்டும். நிலைக்காலில் ஓரடிக்கு மேல் மக்கியிருந்தாலோ, இரண்டு மூலையும் சேர்ந்து போயிருந்தாலோ ஒட்டுப் போடுவது வீண் செலவு. அது மாற்ற வேண்டிய ஜன்னல்.

கரையான் வேறு கணக்கு. உளியின் பிடியால் நிலையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வா. பொள்ளல் சத்தம் கேட்டால் அங்கே குத்திப் பார். உள்ளே மண் அப்பியிருந்தால் கரையான். ஊசிமுனை அளவு ஓட்டைகளும் கீழே மாவு மாதிரிப் பொடியும் இருந்தால் அது உளுப்பு. உளுப்பு பெரும்பாலும் வெள்ளை மரத்தோடு நின்றுவிடும், அதற்காக நிலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. கரையான் சுவர் வழியாகத் தரையிலிருந்து வருவது. நிலையை மட்டும் மாற்றினால் புது மரத்துக்கும் வரும். யூபிவிசி போட்டால் பக்கத்திலிருக்கிற வாசக்காலைத் தேடிப் போகும். முதலில் சுவர் ஓரமாகத் தரையில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். இதை மீனா வருவதற்குப் பல வாரம் முன்பே முடித்து, அறையைத் திறந்து போட்டு ஆற விடு. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

அதே காரணத்துக்காக இன்னொன்றும். உன் ஜன்னல்களில் முதலில் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்க விடாதே. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டச் சொல். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, சுரண்டலை அள்ளிக் கட்டிவிட்டு, ஈரத் துணியால் துடைக்கச் சொல். விளக்குமாறு போட்டால் தூசி கிளம்பி வீடு முழுக்கப் பரவும்.

தண்ணீர் உள்ளே வருகிறது என்று எழுதியிருந்தாய். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ஜன்னல் வழியாக வருகிறது என்று நினைக்கிற தண்ணீர் பல நேரம் சுவரிலிருந்து வருவது. புது ஜன்னல் போட்டாலும் அடுத்த கார்த்திகையில் அதே இடம் ஊறும். இரண்டு வாரம் நல்ல வெயில் அடித்தபின், தோட்டத்துக் குழாயை வைத்துக் கீழிருந்து மேலாகச் சோதித்துப் பார். முதலில் ஜன்னலுக்குக் கீழே வெளித்திட்டில் மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் விடு. பிறகு நிலையும் சுவரும் சேரும் பக்கவாட்டு ஓரங்கள். பிறகு கதவுகள் சேரும் நடு இடைவெளி. கடைசியாக சன்ஷேடும் அதற்கு மேல் சுவரும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும்.

சன்ஷேடில் தண்ணீர் விட்டபோதுதான் உள்ளே வந்தது என்றால், அது சுவரோடு சேரும் மூலையில் விரிசல் இருக்கிறது. வெளித்திட்டில் என்றால், பூச்சு உள்பக்கமாகச் சரிந்திருக்கும் அல்லது நிலையின் அடியில் பிளந்திருக்கும். இரண்டுமே கொத்தனார் வேலை. சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே, ஒரு பள்ளக்கோடு ஓடுகிறதா என்றும் பார். அது இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பில் சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து நிலையின் தலையில் இறங்கும். சிமென்ட்டில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டாலே சில ஜன்னல்கள் பிழைத்துவிடும்.

சமையலறைக் கதவுகள் இறுகிவிட்டன, இழைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம். அது நாட்டு மரம், மழையில் ஊதியிருக்கிறது. இப்போது இழைத்தால் சித்திரையில் விரல் நுழைகிற இடைவெளி விழும். மாசி முடியட்டும். அப்போதும் உரசினால் இரண்டு மில்லிமீட்டர் இழைத்து, அன்றைக்கே அந்த ஓரத்துக்கு பிரைமர் அடித்துவிடச் சொல். கதவின் மேல், கீழ் விளிம்புகளைப் பெயின்ட்டர்கள் தொடுவதேயில்லை. மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். கழற்றி வைத்து அடிக்கச் சொல்.

கதவின் கீழ்மூலை திட்டில் இடித்து, மேல் கீல் பக்கம் இடைவெளி விழுந்திருந்தால் மேல் கீலின் திருகாணிகள் பிடிப்பு விட்டிருக்கும். துளையில் தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்த பிறகு மறுபடி திருகினால் போதும். திருகாணியும் கீலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் வாங்கு, கடலுக்கு அவ்வளவு பக்கம் என்பதால் முடிந்தால் உப்பை இன்னும் தாங்குகிற 316.

எந்தப் பருவத்திலும் மூடாத ஜன்னல் என்றால், நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அள. நாலடிக்கு நாலடி ஜன்னலில் இரண்டுக்கும் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிலை கோணலாகிவிட்டது. அதோடு ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடினால், ஜன்னலை விட்டுவிட்டு முதலில் அஸ்திவாரத்தை யாரிடமாவது காட்டு. அந்த இடத்தில் புது ஜன்னலும் கோணும்.

குளியலறையின் இரும்பு ஜன்னல் எனக்குச் சந்தேகம். கண்ணாடி ஒரே மூலையில் திரும்பத் திரும்ப விரிசல் விடுகிறது என்றால், சட்டத்தின் உள்ளே ஊறிய துரு கண்ணாடியை நெருக்குகிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது துரு அடுக்கடுக்காகக் கழன்று வந்தாலோ, சட்டத்தில் ஓட்டை தெரிந்தாலோ மாற்றிவிடு. வெறும் மேல்துரு என்றால் சுரண்டி பிரைமர் அடித்து வைத்துக்கொள்.

ஆக, என் கணிப்பில் மாற்ற வேண்டியவை வடக்கு அறையும் குளியலறையும். குளியலறைக்கு யூபிவிசி போதும். வடக்கு அறைக்கும் அதையே போடலாம், ஆனால் கம்பெனிக்காரர் எழுதியிருக்கிற, பக்கவாட்டில் தள்ளுகிற ஸ்லைடிங் வேண்டாம். வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 சதுர அடி. உனக்கு இருப்பதே 16. ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும், எட்டு சதுர அடிக் காற்றில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வைகாசியில் என்ன செய்வாய்? வெளிப்பக்கம் முழுக்கத் திறக்கிற கதவு மாடல் கேள். தேக்கிலேயே செய்வதானால், 4க்கு 3 அங்குல நிலைக்கு நடுக்கால் உட்பட சுமார் 1.7 கன அடி, இரண்டு கதவுக்கும் சேர்த்தால் கழிவோடு இரண்டரை கன அடி மரம் பிடிக்கும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்.

விலைப்பட்டியலில் விட்டுப்போனவையும் இருக்கின்றன. நிலையைப் பெயர்த்தால் அதோடு கம்பியும் போய்விடும். புது கிரில்லுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. கதவு வெளியே திறப்பதால் கிரில் உள்பக்கம் வர வேண்டும், கொசுவலை எங்கே என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். சுற்றிலும் உடைகிற பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் யார் பொறுப்பு என்றும் எழுதி வாங்கு. பழைய நிலையை நெம்பி எடுக்க விடாதே. பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ இரும்புப் பட்டை சுவருக்குள் பிடித்திருக்கும், நெம்பினால் செங்கல் பெயர்ந்து வரும். நிலைக்காலை நடுவில் அறுத்து மடக்கி எடுத்துவிட்டு, பட்டைகளை கிரைண்டரால் வெட்ட வேண்டும். உன் வீட்டில் ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற கான்கிரீட் லிண்டல் இருப்பதால் பயமில்லை. மாமாவின் பழைய ஓட்டு வீட்டில் இதைச் செய்யும்போது மட்டும், செங்கல் வளைவு நிலையின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து முட்டுக்கொடுத்த பிறகே தொட வேண்டும்.

அளவு எடுக்க வருபவர் அகலத்தை மூன்று இடத்திலும் உயரத்தை மூன்று இடத்திலும் எடுக்கிறாரா என்று கவனி. அதில் குறைந்த அளவிலிருந்து பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் கழித்துத்தான் சட்டம் செய்ய வேண்டும். யூபிவிசி வெயிலில் நீளும். இடைவெளி இல்லாமல் சிமென்ட் வைத்து இறுக்கினால் சட்டம் வளைந்து கதவு பிடிக்கும். சட்டத்துக்குள் கால்வனைஸ்ட் இரும்பு இருக்கிறதா என்று வெட்டிய முனையில் பார்த்துக்கொள். கஜா புயல் 2018-ல் உங்கள் பக்கம் அடித்த அடியை நினைத்தால் அது இல்லாத சட்டத்தை வாங்கவே கூடாது. மூலையிலிருந்து 15 சென்டிமீட்டரில் முதல் ஸ்க்ரூ, அதற்கப்புறம் 60 சென்டிமீட்டருக்கு மிகாமல். இடைவெளியில் ஃபோம் அடிப்பார்கள், அது வெயிலும் மழையும் தாங்காது. அதன் மேல் வெளிப்பக்கம் நியூட்ரல் சிலிகான் போட வேண்டும், அதுவும் தூசி துடைத்த பூச்சின் மேல். புளித்த வாடை அடிக்கிற மலிவுச் சிலிகான் சிமென்ட்டில் நிற்காது.

வேலை முடிந்ததும் கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார். வெளிப்பக்க ஓட்டை வழியாக உடனே வழிய வேண்டும். கொத்தனார் அந்த ஓட்டையைப் பூச்சால் அடைத்துவிடுவது வழக்கம். வழியாவிட்டால் மீதிப் பணம் கொடுக்காதே.

பழைய தேக்குக் கதவுகளை அவர்களிடம் விட்டுவிடாதே, கேட்டு வாங்கிப் பரணில் வை. ஒட்டுப் போட மரம் ஆகும்.

குழாய்ச் சோதனை முடிந்ததும் எந்தக் கட்டத்தில் தண்ணீர் வந்தது என்பதையும், மூலைவிட்ட அளவுகளையும் ஜன்னல் வாரியாக எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ஆசாரிக்கு வேண்டிய சாமான் பட்டியலை நான் போட்டு அனுப்புகிறேன். மாசி பிறப்பதற்குள் கிடைத்தால், மீனா வருவதற்கு முன் வடக்கு அறை முடிந்துவிடும். அவளை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா