கொழுந்துக் கணக்குக் குறுஞ்செய்தி: படிகளின் ஒழுங்கு முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மடுவத்தில் (தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில்) எடைபோட்ட தேயிலைக் கொழுந்தின் கிலோ கணக்கைத் தொழிலாளியின் கைப்பேசிக்குத் தானாகவே குறுஞ்செய்தியாக அனுப்ப, பவர் ஆட்டோமேட் அல்லது கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற தானியக்கக் கருவியை ஒரு குறுஞ்செய்திச் சேவையுடன் இணைத்தால் போதும். வேலையைத் தொடக்கிவைக்கும் ட்ரிகரில் சிக்கல் இல்லை. பட்டியலில் புது வரி விழுந்தால் வேலை தொடங்கும். அதற்குப் பின் வரும் ஆக்‌ஷன் படிகளில்தான் கணக்கு குழம்புகிறது.

பலர் முதற்படியாகவே செய்தி அனுப்புவதை வைத்துவிடுகிறார்கள். இது தவறு. மலையில் சிக்னல் போவதும் வருவதுமாக இருக்கும். நிறையைப் பதியும் கணக்கப்பிள்ளை 'சப்மிட்'டை மறுபடி அழுத்தினால் ஒரே நிறை இரண்டு வரியாக விழும். ஆகவே முதற்படி, அதே பதிவு ஏற்கெனவே உண்டா என்று பார்ப்பது. அதற்குத் திகதியும் தொழிலாளி இலக்கமும் போதாது. ஒரே நாளில் காலை, பகல், அந்தி என நிறுப்பதால், பகல் கொழுந்தை 'இரட்டைப் பதிவு' என்று மென்பொருள் தள்ளிவிடும். எத்தனையாவது நிறுவை என்பதும் சேர வேண்டும். அதன்பின் பதிவேட்டில் எழுதி, செய்தியை அனுப்பி, கடைசியாக 'அனுப்பியாயிற்று' என்று குறிக்கலாம்.

தொலைபேசி எண் நிரலை எழுத்து வடிவில் வையுங்கள். இல்லாவிட்டால் விரிதாள் முன்னாலுள்ள 0-வை விழுங்கி, 10 இலக்கத்தை 9 ஆக்கிவிடும். ஸ்கிரிப்ட்டில் பிழையைப் பிடிக்கும் வரிகள் இல்லையென்றால், அப்படியான ஓர் எண்ணில் பிழை எழுந்ததும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் செய்தி நின்றுவிடும். பவர் ஆட்டோமேட்டில் முன்படி தோற்றால் அடுத்த படி ஓடாது. ஒரு படி எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் 'ரன் ஆஃப்டர்' அமைப்பில் தோல்வியையும் தெரிவுசெய்து, கந்தோருக்குத் தகவல் போகும் தனிப்படி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறியீடுகளே அடங்கும். உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 'கொழுந்து' கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்குக்கு எட்டு. 71 ஆனால் இரண்டு செய்திக்கான கட்டணம். பெயருக்குப் பதில் தொழிலாளி இலக்கத்தைப் போட்டால் இடம் மிஞ்சும். ஒரே லயக் காம்பராவில் ஒரு கைப்பேசியைப் பலர் பாவித்தாலும் யாருடைய நிறை என்று தெரியும்.

நாள் மொத்தத்தை மாலை 6 மணிக்கு அனுப்புவதென்றால் நேர வலயத்தையும் பாருங்கள். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய யுடிசி (உலகப் பொது) நேரத்தில் விட்டால் அது இரவு 11.30க்குத்தான் போகும்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்பப் பயிற்றுநர்,
ஹட்டன்.