சுகூக் வாங்குபவர் கையில் இருப்பது என்ன?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேரன் பள்ளியில் சேர்ந்ததையும், ஓய்வுக்காலப் பணம் இழுத்தடிப்பின்றி கைக்கு வந்ததையும் அறிந்து மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம்.

இஸ்லாமிய நெறிப்படி வெளியிடப்படும் முதலீட்டுச் சான்றிதழான சுகூக், வட்டிக்கு வேறு பெயர் சூட்டியதுதானே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகத்தை என்னால் முழுவதுமாகத் தள்ளிவிட முடியவில்லை.

பங்கு வாங்கியவர் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவர். இலாபம் வந்து, ஈவுத்தொகை அறிவித்தால் பெறுவார். நிறுவனம் மூழ்கினால் எல்லாக் கடனும் அடைந்தபின் மிஞ்சுவதே அவருக்கு. கடன் பத்திரம் வாங்கியவரோ கடன் கொடுத்தவர் மட்டுமே. இலாபமோ நட்டமோ, அவருக்குரிய வட்டி நிற்காது. அந்த வட்டியைத்தான் இஸ்லாமியச் சட்டநெறியான ஷரீஅத் தடுக்கிறது. பங்குக்கு அத்தகைய தடையில்லை என்றாலும் சல்லடை உண்டு: மது, சூதாட்டம், வட்டித் தொழில் ஆகியவற்றில் ஈடுபடும் நிறுவனங்கள் கூடா. மேலும், இஸ்லாமிய நிதித்துறைக்கு நெறிமுறை வகுக்கும் பஹ்ரைனின் அயோஃபி அமைப்பின் அளவுகோல்படி, வட்டிக்கடன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டையும், தகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது.

சுகூக்கில் பரவலாகப் புழங்கும் முறைகளுள் ஒன்று இஜாரா என்னும் வாடகை முறை. ஒரு நிறுவனம் தன் கட்டடத்தை, இதற்கென்றே தொடங்கிய தனி அமைப்புக்கு விற்கிறது. அவ்வமைப்பு சான்றிதழ்களை வெளியிட்டு, முதலீட்டாளர்கள் தந்த பணத்தால் விலையைக் கொடுத்து, அதே கட்டடத்தை அந்நிறுவனத்துக்கே வாடகைக்கு விடுகிறது. வாடகை முதலீட்டாளர்களுக்குப் போகிறது. முதிர்வு நாளில் நிறுவனம் கட்டடத்தைப் பழைய விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்கிறது. 2014-இல் பிரிட்டன் 20 கோடி பவுண்டுக்கு வெளியிட்ட சுகூக் இவ்வகையே. அரசுக் கட்டடங்களின் வாடகையிலிருந்து 2.036 விழுக்காடு தரப்பட்டது. அதே காலத்து அரசுக் கடன் பத்திரம் தந்த வருவாயும் ஏறக்குறைய அதுவே. உங்கள் புருவம் உயர்வது எனக்குத் தெரிகிறது.

நல்ல நாளில் சுகூக்கும் கடன் பத்திரமும் ஒன்றுபோலவே தெரியும். பணம் வராமல் நின்றுபோகும் நாளில்தான் கையில் இருப்பது என்னவென்று தெரியவரும். சில சுகூக்குகளில் சொத்து உண்மையாகவே கைமாறுகிறது. பணம் வராவிட்டால் அதை விற்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவற்றிலோ சொத்து ஏட்டளவில் மட்டும் நிற்க, முதலீட்டாளருக்கு எஞ்சுவது நிறுவனம் தந்த திரும்ப வாங்கும் வாக்குறுதிதான். 2009-இல் துபாயின் நக்கீல் நிறுவனத்தின் 352 கோடி டாலர் சுகூக் முதிர்வை நெருங்கியபோது, அதற்கு அடிப்படையாக இருந்த நிலத்தின் மீது தங்களுக்கு என்ன உரிமை என்று முதலீட்டாளர்கள் தவித்தார்கள். கடைசி நேரத்தில் அபுதாபி பணம் கொடுத்ததால் அக்கேள்வி நீதிமன்றம் ஏறவில்லை.

மார்க்க அறிஞர் தகி உஸ்மானி 2007-இலேயே இதைக் கண்டித்தார்: முளாரபா, முஷாரகா போன்ற கூட்டு முதலீடுகளில் முகமதிப்புக்கே திரும்ப வாங்குவதாக முன்கூட்டி உறுதியளித்தால், நட்டத்தில் பங்கேற்பு எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அயோஃபி அவ்வழக்கத்துக்குத் தடை விதித்தது. இதன் விசித்திரமான பின்விளைவை 2017-இல் பார்த்தோம்: பணம் கொடுக்க வேண்டிய டானா காஸ் நிறுவனமே, தான் வெளியிட்ட 70 கோடி டாலர் முளாரபா சுகூக் ஷரீஅத்துக்கு ஒவ்வாதது, ஆகவே சட்டப்படி செல்லாது என்று வாதிட்டது! திரும்ப வாங்கும் உறுதிமொழி ஆங்கிலச் சட்டத்தின்படி செல்லும் என்று லண்டன் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே முகவர் கொடுத்த வண்ணத்தாளைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். வெளியீட்டு ஆவணத்தைக் கேட்டு வாங்கி, சொத்து யார் பெயரில் இருக்கிறது, நிறுவனம் தவறினால் அதை விற்கும் அதிகாரம் யாருக்கு, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் ஆகிய பக்கங்களின் நகலை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்