பூனைக்கான இன்சுலினோடு பொருந்தாத ஊசிகளை அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

இனிப்பு நீர் (நீரிழிவு நோய்) கண்ட எங்கள் பூனை முத்துவுக்காக, இன்சுலினும் ஊசிகளும் அடங்கிய தொகுப்பை உங்களிடம் வாங்கினேன். மருந்தில் குறையில்லை. மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட புட்டி குளிர்ச்சி குன்றாமல் வந்து சேர்ந்தது. ஆனால் ஊசிகளில் வழக்கமான சிவப்பு மூடி இல்லை, ஆரஞ்சு மூடி இருந்தது. சந்தேகப்பட்டு, உறையில் நீங்கள் ஒட்டியிருந்த 'பூனைக்கு ஏற்றது' என்ற வெள்ளைத் தாளை உரித்தேன். அடியில் 'யூ-100' என்று அச்சிட்டிருந்தது, அதாவது மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினுக்கான ஊசி. வாங்குபவர் அவசியம் பார்க்கவேண்டிய ஒரே எழுத்தை உங்கள் ஒட்டுத்தாள் மறைத்திருந்தது.

உடனே உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். "இன்சுலின் ஊசி எல்லாம் ஒன்றுதான் அம்மா, இரண்டாவது கோடு வரை இழுத்துப் போடுங்கள்" என்றார் உங்கள் ஊழியர். பொருள் மாறி வந்ததையாவது பொறுத்துக்கொள்வேன், இந்தப் பதிலை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஊசியின் கோடுகள் யூனிட்டைக் குறிப்பவை. 100 யூனிட் ஊசியில் இரண்டாவது கோடு என்பது 0.02 மில்லிலிட்டர். எங்கள் மருந்தில் அந்த அளவுக்குள் 0.8 யூனிட்தான் இருக்கும். முத்துவுக்கு மருத்துவர் எழுதியது 2 யூனிட். உங்கள் ஊழியர் பேச்சைக் கேட்டிருந்தால் பாதி மருந்துகூட அவன் உடம்புக்குள் போயிருக்காது. சிகிச்சைக்கு முன் அவன் தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகரமாட்டான். பின்னங்கால் குதி தரையில் படியத் தளர்ந்து நடந்தான். அந்த நிலைக்கு மீண்டும் அவனைத் தள்ளப் பார்த்தீர்கள்.

இதே பதில் இன்னொரு வீட்டில் உயிரையே பறிக்கலாம். மனிதர்களுக்கான 100 யூனிட் கிளார்ஜின் இன்சுலினைப் பூனைகளுக்கும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். அதை 40 யூனிட் ஊசியில் இரண்டாவது கோடு வரை எடுத்தால் 5 யூனிட் ஏறிவிடும். சர்க்கரை சட்டென்று இறங்கி, பூனை வலிப்பு வந்து சாகக்கூடும். என் கணவரும் 100 யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இரண்டு மருந்தும் ஒரே குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் வீடு எங்களுடையது. ஊசி எல்லாம் ஒன்றுதான் என்று இங்கே யாரும் சொல்லக்கூடாது.

மருத்துவரிடம் கொண்டுபோனால் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால் வீட்டிலேயே பார்க்கிறோம். காலையும் மாலையும் உணவுக்கு முன், வெதுவெதுப்பான துணியால் காதை ஒற்றி, ஓரத்தில் குத்தி, கடுகளவு ரத்தம் எடுப்பேன். முத்து என் மடியில் அசையாமல் இருப்பான். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்கு மேல் தொடங்கிய சர்க்கரை எண்கள் இப்போது 10-ஐ ஒட்டி நிற்கின்றன. தொடக்கத்திலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் வேளை தவறாமல் போடுகிறோம்.

எங்கள் ஊர் மருந்துக்கடையில் 40 யூனிட் ஊசி கிடைக்காது. அன்று இரவுக்கு மட்டும், மருத்துவர் தொலைபேசியில் கணக்குச் சொல்லி, 100 யூனிட் ஊசியிலேயே ஐந்தாவது கோடு வரை எடுக்கச் சொன்னார். மறுநாள் ஈப்போவில் வேலை செய்யும் என் மகள் சரியான ஊசிகளை வாங்கி வந்தாள். தொலைபேசியில் மருத்துவர் கிடைக்காத தோட்டத்து வீட்டில் என்ன செய்திருப்பார்கள்?

உறையைப் பிரித்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்றும் சொல்லிவிட்டீர்கள். பிரிக்காமல் தெரியாதபடி மறைத்தது உங்கள் ஒட்டுத்தாள்தான்.

ஊசிகளின் விலையைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியமாக, இந்தத் தொகுப்பை வாங்கிய ஒவ்வொருவரையும் இன்றே அழைத்து எச்சரியுங்கள். இது சரியாகும் வரை விற்பனையை நிறுத்துங்கள். உங்கள் ஊழியர்களுக்கு 40-க்கும் 100-க்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொடுங்கள். 14 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். ஊசி உறையையும் உரித்த ஒட்டுத்தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முத்துவின் வீட்டார்